நாற்பத்தொரு பேரின் டிஸ்கெட்டுகள்

1

பினாங்குக்கு வந்து இருபது வருடம் நிறைந்த அன்று, நான் கொம்தார் கட்டடத்தில் ஒரு கணினிக் கடையின் முக்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் கல்யாணமாகிக் கப்பலேறி வந்த நாளை நாங்கள் ஒவ்வொரு வருடமும் பாயசம் வைத்துக் கொண்டாடுவது வழக்கம். அந்த வருடம் சவ்வரிசி ஊறப் போட்டதோடு சரி.

கடைக்காரி மிஸ் ஊய் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருப்பார். நான் கொண்டுவந்திருந்த அலுவலகக் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன ஆயிற்று என்று மலாயில் கேட்டார். என் மலாய் இருபது வருடத்துக்குப் பிறகும் சந்தை மலாய்தான். "ஃபைல் எல்லாம் ஹிடாங்" என்றேன். அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தொலைந்துபோனது என்பதற்கு ஹிலாங் என்று சொல்ல வேண்டும். ஹிடாங் என்றால் சாப்பாடு பரிமாறுவது. எல்லாக் கோப்புகளையும் பரிமாறிவிட்டேன் என்று சொல்லிவிட்டு அழுதிருக்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "வைரஸ்" என்றார். "பரிமாறியது நீங்கள் இல்லை. அதுதான் சாப்பிட்டுவிட்டது."

அங்கே ஊரில் மின்சாரமே இல்லாமல், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிற உங்களுக்குக் கணினியைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் வருகிறவர்கள் காகிதம் இல்லாமல் அல்லாடிய மனிதர்கள். அந்த அல்லாட்டம் எப்படிப்பட்டது என்று யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2

பிஷப் தெருவில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வக்கீல் ஹமீதின் அலுவலகம். அவருடைய பாட்டனார் இராமநாதபுரத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர். ஹமீது இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நான் அங்கே பதினொரு வருடமாகத் தட்டெழுத்தாளர். தட்டெழுத்து இயந்திரத்தை எடுத்துவிட்டுக் கணினியை வைத்தபோது முதல் ஒரு மாதம் அதன் மேல் துணி போர்த்தி வைத்திருந்தேன். தொட்டால் கெட்டுவிடும் என்று பயம்.

அந்த வருடம் எங்களிடம் வந்த பெரிய வேலை, தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டத்து மனிதர்களுடையது. நாற்பத்தொரு பேர். எல்லாரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். ஆனால் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடிமகனுக்கு நீலம், மற்றவருக்குச் சிவப்பு. தோட்டம் கைமாறப் போகிறது, வேறு வேலைக்கும் வீட்டு மனுவுக்கும் எங்கே போனாலும் நீல அட்டை கேட்கிறார்கள் என்று வந்தார்கள். நானும் ஒன்பது வருடம் சிவப்பு அட்டையோடு திரிந்தவள். வெளியூரிலிருந்து வந்தவள், சரி என்று இருந்தேன். பிறந்த இடத்திலேயே சிவப்பு அட்டை வைத்திருப்பது வேறு.

அவர்களில் முதலில் வந்தவர் அஞ்சலை. ஐம்பத்தெட்டு வயது இருக்கலாம். இருக்கலாம் என்று எழுதக் காரணம், பிறப்பைப் பதிவு செய்யவில்லை. தோட்டத்துப் பேரேட்டில் அஞ்சலை, மருத்துவமனைச் சீட்டில் அஞ்சலி, சிவப்பு அட்டையில் அஞ்சாலே. மூவரும் ஒருவரே என்று சத்தியப் பத்திரம் எழுத வேண்டும். பிரசவம் பார்த்தது யார், அப்போது பக்கத்து வீட்டில் இருந்தது யார், எல்லாம் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் பஸ் பிடித்து, ஃபெரி ஏறி வந்து சொன்னார்கள். நான் சுருக்கெழுத்தில் எடுத்து, திங்களன்று கணினியில் அடித்துவிட்டு, பழைய பழக்கத்தில் சுருக்கெழுத்துத் தாள்களைக் கிழித்துப் போட்டேன். இயந்திரத்தில் அடித்த காலத்தில் கையில் காகிதம் இருக்கும். இப்போது இருந்தது திரையில் தெரிந்த எழுத்து மட்டும். பதினெட்டுப் பேருடைய வாக்குமூலம் அப்படி அதற்குள் இருந்தது.

வைரஸ் எங்கே இருந்து வந்தது என்று மிஸ் ஊய் நான் அலுவலக மேசையிலிருந்து எடுத்துப் போன டிஸ்கெட்டுகளை, கணினியில் அடித்ததைப் பதிந்து வைக்கும் அந்த மெல்லிய தகடுகளை, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். கடைசியாக ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அதன் மேல் என் மகள் மாலதியின் கையெழுத்தில், "For Amma" என்று எழுதியிருந்தது.

மாலதிக்குப் பதினேழு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், அதுவும் கேட்டதற்கு மட்டும். நான் மெதுவாக அடிக்கிறேன் என்று வருத்தப்பட்டதைக் கேட்டுவிட்டு, பள்ளிக் கணினிக் கழகத்திலிருந்து தட்டச்சுப் பயிற்சி விளையாட்டு ஒன்றைப் பதிவு செய்து தந்திருந்தாள். பல மாதங்களில் அவளாக எனக்குத் தந்த ஒரே பொருள். நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விளையாடிவிட்டு, அதை உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். மறுநாள் காலை கணினியைப் போட்டபோது அது அந்த டிஸ்கெட்டை முதலில் படித்து, அதில் இருந்ததைத் தனக்குள் வாங்கிக்கொண்டது. இரண்டு வாரம் சும்மா இருந்தது. பிறகு எல்லாவற்றையும் அழித்தது.

3

ஹமீது சார் என்னைத் திட்டவில்லை. "நேர்ல போயி சொல்லணும், அக்கா" என்றார். அதுதான் பெரிய தண்டனை. ஃபெரியில் அந்தக் கரைக்குப் போய், தோட்டத்துக் கோவில் வாசலில் கூடியிருந்தவர்களிடம், நீங்கள் சொன்னது எல்லாம் போய்விட்டது என்று நானே சொன்னேன்.

"மறுபடியும் முதல்லேருந்து சொல்லணுமா?" என்று அஞ்சலை கேட்டார்.

"ஓம் அக்கா. என்ர பிழை."

"சொல்றதுல என்னா இருக்கு. பொறந்ததுலேருந்து யாராச்சும் ஒருத்தர்ட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம். எழுதுனது தங்குனா சரி."

அந்தச் சொல் என்னை விடவில்லை. அடுத்த சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் மிஸ் ஊய் கடைக்குப் போனேன். பழுது பார்க்க இல்லை, படிக்க என்றேன். நாற்பத்துநான்கு வயதில், சேலை கட்டிக்கொண்டு, பள்ளிப் பையன்கள் விளையாட்டு வாங்க வரும் கடையில் போய் உட்கார்ந்தேன்.

மிஸ் ஊய் முதலில் காட்டியது டிஸ்கெட்டின் விளிம்பில் இருந்த சிறிய வெட்டு. அதன் மேல் ஒரு துண்டு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் யாராலும் அதில் எழுத முடியாது, வைரஸாலும் முடியாது. படிக்க மட்டும்தான் முடியும். நகத்தளவு ஸ்டிக்கர் அது. இது தெரியாமலா பதினெட்டுப் பேரைத் தொலைத்தேன் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வெளியிலிருந்து வரும் எந்த டிஸ்கெட்டையும் சோதிக்காமல் திறக்காதே. வேலை முடிந்ததும் உள்ளே ஒன்றையும் விட்டுவிட்டுப் போகாதே. ஸ்டிக்கர் ஒட்டிய சுத்தமான டிஸ்கெட் ஒன்றை எப்போதும் தனியே வை. கணினி படுத்துக்கொண்டால் அதைக் கொண்டுதான் எழுப்ப வேண்டும். இவை எல்லாம் எனக்குப் பிடிபட்டன. பிரதி எடுக்கும் விஷயத்துக்கு வந்தபோது மட்டும் மிஸ் ஊய்க்கு நான் சொல்லிக் கொடுத்தேன்.

"இரண்டு பிரதி எடு. ஒன்றை வேறு கட்டடத்தில் வை" என்றார் அவர்.

"எங்கட ஊரில மூண்டு" என்று சொல்லி, என் தங்கச்சியின் கதையைச் சொன்னேன். இடம்பெயரும்போது அவள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைப் பிரதி எடுத்து மூன்று வீடுகளில் கொடுத்து வைத்திருந்தாள். ஒரு வீடு எரிந்துவிட்டது. ஒரு வீட்டுக்காரர் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். மூன்றாவது வீட்டில் இருந்ததை வைத்துத்தான் பிள்ளைகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். மிஸ் ஊய் இன்னொரு டிஸ்கெட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு, "சரி, மூன்று" என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு யோசனைக்கே வராத ஒன்றும் இருந்தது. எடுத்து வைத்த பிரதி திறக்கிறதா என்று வாரா வாரம் வேறு ஒரு கணினியில் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் தீவின் ஈரத்துக்குச் செருப்பிலேயே பூஞ்சணம் பிடிக்கும். டிஸ்கெட் எம்மாத்திரம்.

கடைசியாகப் பூட்டுச் சொல். மலாயில் அதற்குக் காத்தா லாலுவான் என்பார்கள். காத்தா என்றால் சொல். நாங்கள் பேசுவதைக் கதைக்கிறது என்கிறோமே, அந்தக் கதையும் இந்தக் காத்தாவும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று எனக்கு அப்போதுதான் பட்டது. அதற்கப்புறம் என் மலாய் கொஞ்சம் தேறியது. எங்கள் அலுவலகக் கணினியின் பூட்டுச் சொல் அதுவரை சாருடைய பெயர்தான். மறந்துவிடாமலிருக்க அதை ஒரு தாளில் எழுதித் திரையிலேயே ஒட்டியிருந்தோம். திங்களன்று முதல் வேலையாக அந்தத் தாளைக் கிழித்தேன். புதிய சொல்லை இங்கேயும் எழுத மாட்டேன்.

4

மாலதியிடம் சொல்லாமல் விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சொன்னேன். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"The whole thing? என் டிஸ்கெட்டாலயா?"

"உன்ர டிஸ்கெட்டால இல்லை. நான் உள்ள விட்டிட்டுப் போனதால. அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்ப எனக்குத் தெரியும்."

அவள் அறைக்குள் போய்விட்டாள். மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும், கழகத்தில் இருந்த டிஸ்கெட்டுகளை எல்லாம் சோதித்ததாகவும், பாதிக்கு மேல் அதே வைரஸ் இருந்ததாகவும் சொன்னாள். தமிழில் சொன்னாள். மிஸ் ஊய் தந்திருந்த ஆங்கிலச் சோதனைக் கையேட்டை அன்று சாயங்காலம் அவள் வாசித்து விளக்க, நான் தமிழில் எழுதினேன். நாங்கள் இரண்டு பேரும் அப்படி ஒரே மேசையில் உட்கார்ந்து எத்தனை காலம் ஆகியிருந்தது என்று எனக்கு நினைவில்லை.

சாரும் நானும் ஞாயிறுதோறும் தோட்டத்துக்குப் போனோம். இந்த முறை அவர்களை அலைய வைக்கவில்லை. நாற்பத்தொரு பேருடைய வாக்குமூலமும் முதலிலிருந்து வந்தது. ஒவ்வொரு திங்களும் அடித்தேன், நான்கு டிஸ்கெட் கொண்ட கட்டாக மூன்று பிரதி எடுத்தேன், ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒரு கட்டு அலுவலக அலமாரியில், ஒன்று மிஸ் ஊய் கடையில், ஒன்று ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டில் ஒரு பிஸ்கட் டின்னில். டின்னுக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு வைக்கிற பொறுப்பை மாலதி எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, இது வக்கீல் ஆபீஸா, ஆஸ்பத்திரியா?" என்று சார் கேலி செய்வார். "டிஸ்கெட் கொண்டு வர்றவன எல்லாம் நிப்பாட்டி டெஸ்ட் பண்றீங்களே."

"இது முடியிறவரைக்கும் ஆஸ்பத்திரிதான், சார்."

5

மனுக்களைப் பதிவிலாகாவில் ஒப்படைக்க வேண்டிய நாள் ஒரு வியாழக்கிழமை. அதற்கு முன், புதனன்று, நாற்பத்தொரு பேரும் வந்து சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கைநாட்டு வைக்க வேண்டும். செவ்வாயன்று எல்லாவற்றையும் அச்செடுப்பது என்று திட்டம்.

திங்களன்று சாருடைய கல்லூரி நண்பர், கோலாலம்பூர் வக்கீல் சந்திரன், மனுக்களைச் சரி பார்க்க வந்தார். தான் தயாரித்த முகப்புக் கடிதத்தை ஒரு டிஸ்கெட்டில் கொண்டுவந்திருந்தார்.

"குடுங்கோ சார், முதல்ல சோதிச்சுப் பாக்கிறன். பத்து நிமிஷம்" என்றேன்.

"இது என் ஆபீஸ் மெஷின்லேருந்து வந்தது, மேடம். பசார்ல வாங்கினது இல்ல."

"போன முறை வந்தது என்ர சொந்த வீட்டில இருந்து, சார்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. சாரைப் பார்த்து, "உங்க டைப்பிஸ்ட்டுகிட்ட பெர்மிட் வாங்கணுமா?" என்றார்.

ஹமீது சார் சங்கடப்பட்டார். "அக்கா, பரவால்லலா. இவரு சாயந்தரம் பஸ் புடிக்கணும். ஒரு தடவதானே."

நான் மேலே வாதாடவில்லை. ஆனால் அதுவரை செய்த வேலையை இரண்டு கட்டாகப் பிரதி எடுத்து, ஸ்டிக்கர் ஒட்டி, ஒன்றை அலமாரியில் வைத்து, மற்றதை வீட்டு டின்னுக்கென்று பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன். காதெல்லாம் சுட்டது. சார் தன் கையாலேயே அந்த டிஸ்கெட்டைப் போட்டார். நண்பர் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார். டிஸ்கெட்டை எடுக்க மறந்துவிட்டார். சாரும் அப்படியே மெஷினை நிறுத்திவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை எனக்கு முன்னாலேயே வந்து கணினியைப் போட்டதும் அவர்தான். நான் மாடிப்படி ஏறி வந்தபோது திரையில் ஒரே ஒரு வரி நின்றது. உள்ளே ஒன்றுமே இல்லை என்று சொல்லும் வரி. இது இரண்டு வாரம் காத்திருக்கிற வகை இல்லை. சார் இரண்டு கையையும் மேசை மேல் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா" என்றார். 

எனக்குப் பயம் வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். ஆறு மாதத்துக்கு முன் முக்காலியில் உட்கார்ந்து அழுதவள் வேறு யாரோ போல இருந்தது. "சார், நீங்கள் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்றேன்.

சந்திரனின் டிஸ்கெட்டை வெளியே எடுத்து, சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டு ஓரமாக வைத்தேன். சுத்தமான டிஸ்கெட்டைப் போட்டுக் கணினியை எழுப்பினேன். கெட்டுப்போன உள்வட்டை முழுக்கத் துடைத்து, எழுதும் மென்பொருளை மறுபடி ஏற்றினேன். மிஸ் ஊய் கடையில் நான்கு தடவை ஒத்திகை பார்த்த வேலை. பதினொரு மணிக்கு அலமாரியில் இருந்த பிரதிகளைப் போடத் தொடங்கினேன். முதல் டிஸ்கெட், சரி. இரண்டாவது, சரி. மூன்றாவது கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. பன்னிரண்டு பேர் அதில் இருந்தார்கள். அஞ்சலையும் அதில்தான்.

மிஸ் ஊய் கடைக்கு ஃபோன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் கடை திறப்பதில்லை. வீட்டுக்கு அடித்தேன். பள்ளி விடுமுறை, மாலதிதான் எடுத்தாள்.

"பிள்ளை, மூண்டாவது டிஸ்கெட் ஓடேல்லை. அந்த டின்."

"மூணாவதா, எல்லாமா?"

"எல்லாம். வெயில் படாமக் கொண்டு வா."

நாற்பது நிமிடத்தில் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். மாடிக்கு வந்ததும் மூடியைத் திறக்குமுன் ஒவ்வொரு டிஸ்கெட்டிலும் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். மூன்றாவதைப் போட்டோம். சத்தமில்லாமல் ஓடியது. திரையில் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. பன்னிரண்டையும் மாலதி சத்தமாக எண்ணினாள், தமிழில்.

மூன்று மணிக்கு அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியது. அப்போது சார் கோலாலம்பூருக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஃபோனை என்னிடம் நீட்டினார். "அவர் ஆபீஸ்லயும் மெஷின் படுத்துக்கிச்சாம். என்ன செய்யணும்னு கேக்குறார்."

நான் வாங்கிக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் தொண்டையைச் செருமும் சத்தம். "மேடம், ஐ'ம் சாரி. கொஞ்சம் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

வக்கீல் சொல்ல நான் எழுதிக்கொண்டது பதினொரு வருடம். அன்று நான் சொல்ல ஒரு வக்கீல் எழுதினார். நிறுத்தி, நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

ஃபோனை வைத்ததும் சார், "அக்கா, எனக்கும் ஒரு நாள் உக்காந்து சொல்லிக் குடுங்க. இனிமே இந்த ரூம்ல டிஸ்கெட் விஷயத்துல நீங்கதான் பாஸ்" என்றார். சொன்னபடியே நடந்தார். அடுத்த வாரமே தன் டிஸ்கெட் ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டு, சோதித்து முடிக்கும்வரை கை கட்டிக்கொண்டு நின்றார்.

6

புதனன்று நாற்பத்தொரு பேரும் வந்து கைநாட்டு வைத்தார்கள். வியாழனன்று பதிவிலாகாவின் முகப்பில் நாற்பத்தொரு கட்டுகளை அடுக்கி வைத்தேன். அங்கிருந்த மலாய்ப் பெண் அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு எழுத்துப் பிழை கூட இல்லையே, யார் அடித்தது என்று கேட்டார். "சாயா" என்றேன். நான் என்று அர்த்தம். அந்தச் சொல்லில் எனக்குப் பிழை வருவதில்லை.

பதினான்கு மாதம் காத்திருந்தோம். முதலில் முப்பத்தாறு பேருக்குக் கடிதம் வந்தது. மற்ற ஐந்து பேரிடம் இன்னும் விவரம் கேட்டார்கள். அவர்களுடைய பிரதிகளைத் திறந்து, திருத்தி, அன்றைக்கே அனுப்பினேன். அவர்களுக்கும் கிடைத்தது. அஞ்சலை நீல அட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்தபோது அதில் அவர் பெயர் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். அஞ்சலை என்றே இருந்தது.

"இத வச்சிக்கிட்டு பாஸ்போர்ட் எடுக்கலாந்தானே?" என்று கேட்டார்.

"எடுக்கலாம் அக்கா. எங்க போகப் போறீங்கள்? இந்தியாவுக்கா?"

"அங்க எனக்கு யாரத் தெரியும். ஹட்யாய்க்குப் போறேன்."

ஹட்யாய் எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தில் இருக்கிறது. பினாங்கிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். தோட்டத்தில் நீல அட்டைக்காரர்கள் லீவு விட்டால் போய் இரண்டு நாள் சுற்றிவிட்டு, பழமும் துணியும் வாங்கிக்கொண்டு வருவார்கள். அஞ்சலை அந்த பஸ்ஸை வழியனுப்பியிருக்கிறார், ஏறியதில்லை. படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். பாஸ்போர்ட் வந்தது. ஒரு சனிக்கிழமை புறப்பட்டார்.

திங்களன்று மத்தியானம் மறுபடியும் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், அதுவும் இங்கே பினாங்குச் சந்தையில் வாங்கியது.

"ஹட்யாய் எப்படி அக்கா? என்ன பார்த்தீங்கள்?"

"ஒண்ணும் பாக்கல. பார்டரத் தாண்டி எறங்குனேன், ஒரு தண்ணி குடிச்சேன், அடுத்த பஸ்ஸ புடிச்சு அன்னிக்கே திரும்பிட்டேன்."

"அவ்வளவு தூரம் போய், ஒரு ராத்திரி தங்கியிருக்கலாமே?"

அஞ்சலை பாஸ்போர்ட்டை எடுத்து, மலேசிய முத்திரை குத்தியிருந்த பக்கத்தைத் திறந்து என் மேசை மேல் வைத்தார். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. வரும்போது குத்திய முத்திரையின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"ஊரு பாக்கப் போகலம்மா. திரும்பி வந்தா உள்ள விடுறாங்களான்னு பாக்கத்தான் போனேன். விட்டாங்க."